மாடிப்படிக்குக் கீழே

தை பிறக்க இன்னும் மூன்று நாள்.
திங்கட்கிழமை, மாயேபூரில் சந்தை.
பேருந்து நகர்வேனா என்றது;
கத்தரிக்காய் மூட்டைக்கும் கோழிக்கூடைக்கும் நடுவே
புடவை கசங்க இறங்கி
ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

புனித அன்னம்மாள் தொடக்கப் பள்ளியின் முற்றத்தில்
செபம் தொடங்கிவிட்டது.
புதுச் செருப்பு கடிக்கத்தானே செய்யும்:
முதல் வகுப்பில் பாதிப்பேர்
ஒற்றைக் காலில் நின்று
பரமண்டலத்துப் பிதாவை அழைத்தார்கள்.
வாசல் கம்பிக்கு வெளியே தாய்மார்,
அழாத பிள்ளைகளைப் பார்த்து
அழுதுகொண்டிருந்தார்கள்.

ஃபாதர் கயேத்தான் தீர்த்தம் தெளித்தபடி வந்தார்.
பைகள் மேல், பின்னல்கள் மேல்,
காவலாளியின் வழுக்கை மேல்.
என் திருநீற்றிலும் ஒரு துளி.
துடைக்கவில்லை.
அதுபாட்டுக்கு உலர்ந்தது.

பத்தரை மணிக்குப் பிள்ளைகளைப் பிரிப்பார்கள்.
மறைக்கல்வி நான்காம் அறையில்,
இந்தி மாடியில்,
தமிழ் மாடிப்படிக்குக் கீழே.
போன வருடமும் அங்கேதான், புகார் இல்லை;
ஆனால் இந்த முறை எங்களுக்கு முன்பே
மூன்று ராஜாக்கள் குடியேறியிருந்தார்கள்,
வெள்ளிக்கிழமைச் செய்தித்தாளைப் போர்த்திக்கொண்டு.
ஒட்டகத்துக்கு ஒரு காது இல்லை.
என் மேசைமேல்
பிஸ்கட் டப்பாவுக்குள் பஞ்சு விரித்து
குழந்தை இயேசு.
நகர்த்த மனம் வரவில்லை.
வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

கோவிலன் குர்ப்பன்.
யோகிணி வலைதோன்.
திவியன் சின்னப்பன், மூக்கு ஒழுக.
நான்காவதாக
ஃப்லோரியான் முத்து.

நிலைப்படியில் நின்றான். உள்ளே வரவில்லை.
குமாஸ்தா குடும்பப் பெயரைப் பார்த்திருக்கிறார்,
கழுத்துச் சிலுவையைப் பார்க்கவில்லை.
"மிஸ், நான் இங்கேயா, அங்கேயா?"
கிரியோலில்தான் கேட்டான்.
எனக்கும் தெரியவில்லை.

தெரியாதபோது வாத்தியார் செய்வதைச் செய்தேன்:
கரும்பலகையில் எழுதினேன்.
முத்து.
எந்தத் துறைமுகத்து எழுத்தனோ
காதால் வாங்கிக் கையால் உடைத்த பெயர்,
ஒட்டி வைத்ததுபோல் மூன்றெழுத்து.
அவன் ஒரு படி உள்ளே வந்தான்.
"கடைசியில் இருப்பது தூண்டில் முள்."
ஆமாம் என்றேன்.
"நடுவில் மேலே, மீன் கண்."
அது புள்ளி என்று சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
"அர்த்தம் என்ன?"
கடலுக்கடியில் கிடைப்பது.
"மீனா?"
இல்லை.
"ஆக்டோபஸா? அப்பா அதுதான் பிடிப்பார்."
அதுவும் இல்லை.
"சரி, அப்பாவிடம் கேட்கிறேன்,"
என்றான், எனக்குத் தெரியாததைப் போல.

மதாம் சொலாஞ்ச் சிவப்புப் பேனாவோடு வந்துவிட்டார்.
தவறு நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும்,
ஒரே கோடு, அளவுகோல் வைத்து.
அவன் என் சுண்ணாம்புக் கட்டியோடு
நான்காம் அறைக்குப் போனான்.
கேட்கவில்லை, நானும் கொடுத்ததாகச் சொல்லமுடியாது.

சுவருக்கு அந்தப் பக்கம்
நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள்.
இந்தப் பக்கம் அ, ஆ.
நடுவில் யாரோ தும்மினார்கள்,
இரண்டு வகுப்பும் சிரித்தது.

மூன்று மணிக்கு மேகம் கறுத்தது.
கடல் பக்கம் காற்று ஒரு மாதிரி வீச,
புயல் எச்சரிக்கை வருமோ என்று
பெற்றோர் குடைகளோடு முந்திக்கொண்டார்கள்.
யோகிணி ஒரு ராஜாவுக்குக் கையசைத்துவிட்டுப் போனாள்.

பூட்டும்போது பார்த்தேன்.
கடைசிப் படியில், முழங்கால் உயரத்தில்,
சுண்ணாம்பில் ஒரு து.
தலைகீழாக.
முள் வானத்தைப் பார்த்து.
திருத்திவிடலாமென்று குனிந்தேன்,
பேருந்து ஒலிப்பான் கேட்டது.