ஒரு கட்டு வைக்கோல்

நானூற்றுப் பதினான்கு யூரோ பதினேழு சதம்.
வங்கி அனுப்பிய தாளில்
நாலு தொண்ணூற்றொன்பது, நாலு தொண்ணூற்றொன்பது என்று
எறும்பு போன தடமாய் எண்பத்துமூன்று வரி.

யாரோ கள்ளன் என்றுதான் நினைத்தேன்.
அட்டையை முடக்கினேன். நல்ல தூஷணமும் சொன்னேன்.
ஆரபி தட்டிலிருந்த பயறை
ஒவ்வொன்றாய் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.
"குதிரைக்குப் பசிக்குது எண்டு எழுதியிருந்தது, அப்பா."

டேப்லட்டுக்குள் ஒரு குதிரை.
நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அதற்குப் பசிக்கும்.
பசித்தால் காது தொங்கும், படுத்துவிடும்.
ஒரு கட்டு வைக்கோல் நாலு தொண்ணூற்றொன்பது.
நான் வேலைசெய்யும் பேக்கரியில்
அந்தக் காசுக்கு மூன்று பாண்.

கடவுச்சொல் எப்படித் தெரியும் என்று கத்த வாயெடுத்தேன்.
அதைப் போட்டுத் தந்ததே அவள்தான்.
வாடகைக் கடிதம், காப்புறுதிக் கடிதம், விசாக் கடிதம்,
எட்டு வயதிலிருந்து எல்லாம் வாசித்துச் சொல்கிறவள்.
பூட்டுச் செய்தவளிடமே
திறப்பு எப்படிக் கிடைத்தது என்று கேட்பதா?

இலையுதிர் விடுமுறை. திங்கள் காலை
கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தோம்.
எனக்கும் அந்தக் குரலுக்கும் நடுவில்
பத்து வயதுக் குற்றவாளி, மொழிபெயர்ப்பாளர்.

"பிள்ளைக்குக் கடவுச்சொல் தெரியுமோ எண்டு கேக்கிறா."
"தெரியாது எண்டு சொல்லு."
ஃபோவிங்கெல் வீதிக்கு மேலே
தொங்கு ரயில் எங்கள் யன்னலை உரசுவதுபோல் போய் முடியும்வரை
அவள் வாய் திறக்கவில்லை.
பிறகு, "யா."
அந்த ஒரு சொல் எனக்கும் விளங்கும்.

அங்கிருந்து நீண்ட சொல் ஒன்று வந்தது,
பெட்டிக்குப் பெட்டி கொழுவிய சொல்.
ஆரபி அதற்குத் தமிழ் தேடினாள்.
"பாத்துக்கொண்டிருக்கிற... அது உங்கட கடமையாம்.
அப்பா பாத்துக்கொண்டிருந்தவரோ எண்டு கேக்கிறா."

இரண்டு மணிக்குப் போனால் பத்தரைக்கு வருகிறவன் நான்.
ஜீவா எட்டு மணிவரை முதியோர் இல்லத்தில்
யாருடையவோ தாயைப் புரட்டிப் படுக்கவைப்பாள்.
யன்னல் கண்ணாடியில், ஒரு சின்ன நெற்றி உயரத்தில்,
எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாய் இருக்கிறது.
ரயில் ரயிலாய்ப்
பாத்துக்கொண்டிருந்தது யார் என்று
அந்தப் பெண் கேட்கவில்லை.

"இல்லை எண்டு சொல்லு," என்றேன்.
இதை மட்டும் அவள் உடனே மொழிபெயர்த்தாள்.

பாதிக் காசு திரும்ப வரலாமாம். ஆறு கிழமை செல்லுமாம்.

டேப்லட்டைப் பறித்து
சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன்.
அவளுக்குத் தண்டனை.

ஆறு மணி இடைவேளை. கையெல்லாம் மா.
பைக்குள் ஏதோ மணி அடிக்கிறது.
குதிரை படுத்திருக்கிறது.
கீழே ஒரு வரியில் 'ஹுங்கர்' மட்டும் தெரிகிறது.
காசு கொடுக்காமலும் ஒரு வழி உண்டென்று சொல்லியிருந்தாள்:
முப்பது விநாடி விளம்பரம் பார்த்தால்
ஒரு கட்டு சும்மா கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

விரலைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு அமத்துகிறேன்.
யாரோ சிரித்துச் சிரித்துக் கார் விற்கிறான்.
இருபத்தொன்பது, இருபத்தெட்டு.
ஒன்றும் விளங்கவில்லை.
பாத்துக்கொண்டிருக்கிறேன்.