மூன்றாம் மடை

காலையில் இரண்டு எண்கள் பார்ப்பேன்.
மேட்டூர் எத்தனை அடி.
கே.பி. எத்தனை.
முதலாவதை ஊரே பார்க்கிறது,
டீக்கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதியே வைத்திருக்கிறார்கள்.
இரண்டாவதை
நீடாமங்கலம் வட்டத்தில் நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.
மங்களாம்பிகை, உரிமம் பெற்ற சர்வேயர்.

செவ்வாய்க்கிழமை அளக்க வேண்டியது புல எண் 114/2பி.
கலியபெருமாளுக்கும் மாசிலாமணிக்கும் நடுவில் ஒரு வரப்பு.
பதினோரு வருஷமாக அது நகர்கிறது என்கிறார் ஒருவர்,
நகரவே இல்லை என்கிறார் மற்றவர்.
வரப்பு நடந்து நான் பார்த்ததில்லை.
மண்வெட்டிகள் நடந்து பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிறு வெடித்தது.
சிரிக்காதீர்கள், அப்படித்தான் அமைந்தது.
மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள்.
அங்கே கிளம்பியது இங்கே வரவும் ஏறக்குறைய அதேதான்,
கோபமாக வந்தால் இரண்டு.
எட்டு மடை உள்ள வாய்க்காலில்
பூமி மூன்றாம் மடை.
கடைமடைக்காரர்களுக்கு இது புரியும் என்று நினைத்தேன்.

"செவ்வாய் வேண்டாம், சூரியன் சரியில்லை" என்றேன் போனில்.
"வெயில் நல்லாத்தானே அடிக்குது" என்றார் கலியபெருமாள்.
மாசிலாமணி ஒன்றும் சொல்லவில்லை,
அடுத்த வீட்டில் சொன்னாராம்:
"அந்தப் பக்கம் எவ்வளவு வாங்குனாங்களோ."

செவ்வாய் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை.
கே.பி. இரண்டு.
பிறகு ஒன்று.

எப்போது கிளம்பியது என்று சொல்லிவிடலாம்.
எவ்வளவு வேகம் என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம்.
அது சுமந்து வருகிற காந்தம்
வடக்கு பார்த்து வருகிறதா, தெற்கு பார்த்தா,
அதை யாராலும் சொல்ல முடியாது.
வடக்கென்றால் உரசிக்கொண்டு போய்விடும்.
தெற்கென்றால் நம் ஷட்டர் தானே தூக்கிக்கொள்ளும்.
பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி
ஒரு விண்கலம் நிற்கிறது, லஸ்கர் மாதிரி.
தன் கால் நனைந்த பிறகுதான் அதற்கும் தெரியும்.
அது கூவினால் நமக்கு மிஞ்சுவது முக்கால் மணி.

புதன்கிழமை போனேன்.
பழிச்சொல்லோடு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது.
மூணாறு தலைப்பைத் தாண்டி, கோரையாற்றங்கரையோடு,
ரோவர் கம்பு, முக்காலி, பேட்டரி, ஒரு குடை.
மூன்று கல் முடிந்தது. ஃபிக்ஸ், ஃபிக்ஸ், ஃபிக்ஸ்.
நான்காவது கல்லில், மணி நாலேகால்,
பச்சை மஞ்சளாயிற்று.

கம்பு அசையவில்லை. என் கை அசையவில்லை.
திரையில் புள்ளி மட்டும் கிளம்பியது.
முதலில் மாசிலாமணி வயலுக்குள் ஒன்றரை அடி.
நின்றது. திரும்பியது. வரப்பேறி
கலியபெருமாள் நாற்றுக்குள் மூன்றடி இறங்கி
அங்கே கொஞ்சம் உலாவியது, நண்டு மாதிரி.
என் இரண்டு தோளுக்கும் பின்னால் நின்று
இருவரும் பார்த்தார்கள்.
பதினோரு வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில்
அவர்கள் நின்றிருக்க மாட்டார்கள்.

"யாரு நகத்துறா?"

மேற்கே காட்டினேன்.
தென்னைகளுக்கு மேல் அது இருந்தது,
ஒன்றும் தெரியாத மாதிரி.
கலியபெருமாள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.
மாசிலாமணி பார்க்கவில்லை.
குனிந்து கல்லைத் தொட்டார்,
இருந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று.

"அப்ப எதும்மா நெசம்?"
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.
நாளை என்றால் ஒருவேளை வெள்ளி.
அறுபது சதவீதம்.

படிவத்தில், அளக்க இயலாமைக்குக் காரணம் என்று ஒரு கட்டம்.
மழை. பயிர் நிற்கிறது. ஆட்சேபணை.
இதில் ஒன்றை டிக் செய்ய வேண்டும்.
மழை இல்லை. நாற்று இன்னும் கணுக்கால்தான்.
ஆட்சேபணையில் போட்டேன்.
ஆட்சேபித்தவர் பெயர்: சூரியன்.
தகப்பனார் பெயரைக் காலியாக விட்டேன்.
கையெழுத்திட்டு மணியும் குறித்தேன்.

தாலுகா ஆபீஸிலிருந்து
எப்படியும் திரும்பி வரும்.