அறுநூற்றுப் பன்னிரண்டாம் எண்

அல்சூர்ப் பக்கம், கார்ப்பரேஷன் பள்ளி,
இரண்டாம் வகுப்பு பி பிரிவு.
ஓட்டுச்சீட்டுக் காலம்தொட்டு
நான்தான் இங்கே பூத் ஏஜென்ட்.
கட்சி மூன்று மாறிவிட்டேன்,
உட்காரும் பெஞ்சு அதேதான்.

எங்கள் வார்டு ஒரு பக்கமாய்த் தூங்காது.
முதலில் பதினொரு ஓட்டில் நாங்கள்.
அடுத்து நாற்பதில் அவர்கள்
(தண்ணீர் லாரி வராத கோடை).
பிறகு ஏழு. பிறகு இரண்டு.
டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினால்
கன்னடத்தில் ஒன்று சொல்வோம்,
தக்கினியில் ஒன்று,
தமிழில் சிரித்துவைப்போம்.

போன தடவை
கதவு சாத்த ஐந்து நிமிடம் இருக்க
ஆட்டோவில் வந்து இறங்கினாள் பிலோமினா.
டயாலிசிஸ் பிளாஸ்திரி கையில் அப்படியே.
பட்டியலில் அவள் படத்தின் குறுக்கே
நீக்கம் என்று அச்சு.
காலமாகிவிட்டாளாம்.

"நல்லாப் பாருங்கண்ணே, நான்தானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பதினெட்டு வருஷம் எதிர்வீடு.
எந்தப் பொத்தானை அமுக்குவாள் என்பதும் தெரியும்.
பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்,
எண் ஏற்கெனவே கிடைத்திருந்தும்.

ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தோம்.
அவள் போட்டிருந்தால்
சீட்டுக் குலுக்கியிருப்பார்கள்.

இப்போதும் பால் வாங்கப் போகையில்
எனக்குத் தலையசைக்கிறாள் பிலோமினா.
நான் பால்காரனிடம்
சில்லறை கேட்டுக்கொண்டிருப்பேன்.