இடது பக்கம்

எங்கள் வீட்டில் நான்கு தறி.
நான்கும் கரண்ட் தறி.
காலை ஆறு மணிக்கு அவர் சுவிட்சைப் போட்டால்
ஏகாம்பரகுப்பத்தில் எனக்கு வாய் திறக்கும்.

அதற்கு முன்னால் திறந்தால் தெருவுக்குக் கேட்கும்.
சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்.
பக்கத்து வீட்டு முனிலட்சுமி
என் குழம்பு கொதிக்கிற சத்தத்தை வைத்தே
புளியா மோரா என்று சொல்லிவிடுவாள்.
அதனால் தறிச் சத்தத்துக்குள் உட்கார்ந்து
தார் சுற்றிக்கொண்டே திட்டுவேன்.
வெளியே 'நீங்க'. தறி ஓடும்போது 'நீ'.

முதலில் சின்னச் சின்னது.
ஈரத் துண்டைத் தலையணை மேல் போடுவது.
மகளின் பீஸ் கட்டும் தேதியை
ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கேட்பது.
பிறகு அந்தச் சங்கிலி.
மூன்றரைச் சவரன்.
தம்பி கடனுக்காகப் புத்தூர் பேங்க்கில் வைத்ததை
அவர் சொல்லவில்லை.
வட்டி கட்டச் சொல்லி என் போனுக்கு வந்த
தெலுங்கு மெசேஜ் சொன்னது.

கோபம் வந்தால் எனக்குத் தமிழ் போதாது.
பிறந்தது நாராயணவனம்;
அடிவயிற்றில் இருப்பது தெலுங்கு.
இரண்டையும் முறுக்கி ஒரே நூலாக விடுவேன்.
தணிகாசலம் தலையாட்டுவார்.
லுங்கியின் கட்டம் பிசகாமல்
நாடா போய் வருவதைப் பார்த்தபடி ஆட்டுவார்.
இருபத்திரண்டு வருஷமாக ஆடும் தலை.
இவ்வளவு பொறுமையா என்று
சில நாள் எனக்கே வெட்கமாக இருக்கும்.
சில நாள் அதைப் பிடித்துப்
பாவோடு சேர்த்துக் கட்டிவிடலாமா என்றிருக்கும்.

தை மாதத்திலிருந்து ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்.
தினமும் சொல்வேன், பல் தேய்ப்பது போல.
போன செவ்வாய்
அதைப் பாதி சொல்லும்போது கரண்ட் போனது.

"உனக்கு இந்த மோட்டார் மேல்,
அதுக்காவது சூடு இருக்கு!"

எல்லா வீட்டுத் தறியும் நின்ற தெருவில்
என் குரல் மட்டும் ஓடியது,
பிரேக் பிடிக்காத லாரி.
டீக்கடைப் பையன் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினான்.
முனிலட்சுமி வீட்டில் யாரோ
தேவையில்லாமல் இருமினார்கள்.

அவர் திரும்பவில்லை.
அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
என் வாயில் அந்தப் பெயர் வந்ததே இல்லை.
அதற்கும் திரும்பவில்லை.
எழுந்து போய்த் தோளைத் தொட்டபோது
திடுக்கிட்டுப் பார்த்தார்:
"என்ன, தார் தீந்துடுச்சா?"

இடது காது போய் மூன்று வருஷம் ஆகிறதாம்.
வலதில் பாதி இருக்கிறதாம்.
திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்
மெஷின் விலையைக் கேட்டுவிட்டு
மத்தியான ரயிலிலேயே திரும்பி வந்தாராம்.
"நீ பேசறது உதட்டைப் பாத்தா தெரியும்.
குனிஞ்சு தார் சுத்தறப்பதான் தெரியாது.
ஏதோ எண்ணிட்டிருக்கேன்னு நெனச்சேன்."

எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
சொன்னால் தறியை விற்கச் சொல்வாய் என்றார்.
சொல்லியிருப்பேன்.

கரண்ட் வந்தது. மற்ற வீடுகள் ஓட ஆரம்பித்தன.
அவர் எழுந்து போய், சுவிட்சில் கை வைத்து,
போடாமல் வந்து எதிரில் உட்கார்ந்தார்.
மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிற மனுஷன்.
அரை மணி நேரம். நான்கு லுங்கி போச்சு.

அந்த அரை மணியில் பெரிதாக ஒன்றும் பேசவில்லை.
முனிலட்சுமிக்குக் கேட்குமே என்று எனக்கு.
எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று
தெரியாத கூச்சம் அவருக்கு.

இரவு பாயில் இடம் மாறிப் படுத்தேன்,
அவருக்கு வலது பக்கம்.
சுவரோரம் பழகிய உடம்பு;
இந்தப் பக்கம் ஜன்னல், கொசு,
ரேணிகுண்டா போகிற கூட்ஸ் வண்டி.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.
தலையணையை மட்டும் நகர்த்திக் கொடுத்தார்.
துண்டு ஈரமாகத்தான் இருந்தது.

சங்கிலி இன்னும் புத்தூரில்.
தை மாதத்திலிருந்து சொன்னதையெல்லாம்
முதலிலிருந்து சொல்லியாக வேண்டும்.
அதுவும் நிதானமாக,
முகத்தைப் பார்த்து.