புரை

பென்னாகரம் அரசு மருத்துவமனையில் கண் முகாம்.
படிவம் நிரப்புவது என் வேலை.
பெயர் மாதப்பன். ஊர் ஊட்டமலை.
தொழில்?
"ஒகேனக்கல்லுல எண்ணெய் தேய்க்கிறது."
வாசனை அதை முன்னாலேயே சொல்லியிருந்தது.

வலது கண்ணில் டார்ச் அடித்தேன்.
கருவிழிக்குப் பின்னால் பால் திரைந்து நின்றது.
'புரை' என்று எழுதினேன்.
எங்கள் வீட்டில்
பாலில் ஒரு சொட்டு மோர் விடுவதும் புரை ஊற்றுவதுதான்.
சோறு தடம் மாறினால் புரையேறும்,
யாரோ நினைக்கிறார்களாம்.
ஆறாத புண் உள்ளுக்குள் புரையோடும், அதை
யாரும் நினைப்பதில்லை.

படிவத்தின் மறுபாதி இங்கிலீஷ். கேட்டராக்ட்.
படிக்கிற காலத்தில் அகராதி புரட்டியிருக்கிறேன்:
அருவி.
தலைக்குள்ளிருந்து ஏதோ வெண்ணீர்
கண்ணுக்குப் பின்னால் கொட்டுகிறதென்று
எந்த ஊர் வைத்தியனோ நம்பியிருக்கிறான்.
தப்பு. பேர் மட்டும் தங்கிவிட்டது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.
மாதப்பன் சிரித்தார்.
"முப்பது வருசமா அதுக்குப் பக்கத்துலதானே கெடக்கிறேன்,
சாரல் உள்ள போயிருக்கும்."
பிறகு மோவாயைச் சொறிந்துகொண்டு,
"அக்கரைக்காரங்க அதை அருவின்னா சொல்றாங்க?
பொகையிற கல்லுங்கறாங்க.
எனக்கு இப்ப அவங்க சொல்றதுதான் தெரியுது."

கண் தெரியாமல் எப்படி வேலை?
"ஒடம்பப் பாக்க வெளிச்சம் எதுக்கு?
கெண்டைக்கால அமுக்குனா கெண்டை துள்ளும்.
கணுக்கால்ல கரும்புக்கணு.
காறை போடாத ஆம்பளைக்கும்
கழுத்துக்குக் கீழ காறையெலும்பு கெடக்குது.
பேரு வெச்சவனும் தடவிப் பாத்துத்தான் வெச்சிருக்கான்."

அப்புறம் ஆபரேஷன் எதற்கு?
"எரநூறுன்னு சொல்லி இருவதை வெச்சிட்டுப் போறாங்க தாயி.
ரெண்டும் ஒரே மஞ்சளாத் தெரியுது."

தர்மபுரிக்கு வேன் புறப்பட்டது, பதினோரு பேர்.
ஒருவர் வெற்றிலையை மெல்லலாமா என்று
கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து,
பச்சைத் துணி மறைப்போடு அதே பெஞ்சில்.
மறைப்பை விலக்கி விரல் காட்டினேன்.
"மூணு. நடுவிரல்ல மருதாணி பாதி போயிருக்கு."
டார்ச்சைப் பற்றவைக்கக் குனிந்தபோது
தலையை ஆட்டாமல் என்னையே பார்த்தார்.
"உங்க கண்ணுக்குள்ள ஒருத்தன் நிக்கிறான் தாயி.
எண்ணெய் காணாத தலை."

பாவை.
அதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.
சொட்டு மருந்து, நாளைக்கு நாலு வேளை
என்று எழுதினேன்.