தலை நீள வித்தியாசம்

ஷாம் தெ மார்ஸில் ஆறாம் எண் சன்னல் என்னுடையது.
சனிக்கிழமைகளில் கம்பிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் போர்ட் லூயி முழுக்க.

முகங்களை அதிகம் தெரியாது எனக்கு,
சன்னல் அவ்வளவு தாழ்வு.
பதினான்கு வருஷமாகக் கைகளைத்தான் பார்க்கிறேன்.
நோட்டை நீட்டும் விரலிலேயே தெரிந்துவிடும்
யோசித்து வந்தவனா,
யோசித்ததாக நினைத்துக்கொண்டு வந்தவனா என்று.

ஃப்ளாக்கிலிருந்து பஸ் பிடித்து வரும் அர்னாசெல்லம்
மூன்று பந்தயம் தோற்றால்
நான்காவது தனக்கு வரவேண்டிய பாக்கி என்பார்.
"எத்தனை தடவைதான் கடவுள் நம்மையே பிடிப்பார், மதாம்?"
குதிரைக்கு அந்தக் கணக்கு தெரியாது.
அதற்குப் புல் தெரியும், சவுக்கு தெரியும்,
போன வாரம் இடறிய வளைவு தெரியும்.

ழோஸ்லின் மகள் பிறந்த தேதிக்குக் கட்டுவாள்.
ஒருமுறை வந்தது.
அந்த ஒன்றையே ஒன்பது வருஷமாகச் சொல்கிறாள்,
மற்றதெல்லாம் மழையில் நனைந்த சீட்டுகளோடு
வடிகாலில் போய்விட்டன.

எந்த முதலாளியும் சொல்லித்தராமல்
நானே கண்டுகொண்டது ஒன்று உண்டு.
பத்துக் குதிரை தூரத்தில் தோற்றவன்
சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு
ஐந்து காத்தோ பிமா வாங்கித் தின்றபடி
வீட்டுக்குப் போய்விடுவான்.
தலை நீள வித்தியாசத்தில் தோற்றவன் போகமாட்டான்.
அவனுக்கு அது தோல்வியே இல்லை,
பூட்டில் சாவி திரும்பும்போது
யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்ட மாதிரி.
ஜெயித்தவனைவிடச் சந்தோஷமாக
என் சன்னலுக்குத் திரும்பி வருவான்.
சீட்டைக் கிழிக்கும் முன் என் கை கொஞ்சம் தயங்கும்.
பிறகு கிழிக்கும்.
கமிஷன் எனக்கும் உண்டே.

நான் ஒரு ரூபாய் கட்டியதில்லை. லோட்டோகூட வாங்கியதில்லை.
முருகன் கனவில் நம்பர் சொன்னதாக அண்ணி சொன்னபோது,
"வந்தால் முருகன் சொன்னது,
வராவிட்டால் நீ சரியாகத் தூங்கவில்லை, அப்படித்தானே?"
என்று கேட்டேன்.
தைப்பூசம் வரை பேசவில்லை அவள்.
எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

காந்தோஸ் ஆஸ்பத்திரி உறை
சமையலறை இழுப்பறையில் இருக்கிறது,
அரிசி அளக்கிற டின்னுக்கு அடியில்.
ஜூலையில் வந்தது.
இப்போது அக்டோபர்.
இடப்பக்கம், அக்குளுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவு.
பிரிக்கும்வரை அது வெறும் கொழுப்புக்கட்டி.
பிரிக்கும்வரை என் கதை சித்தியின் கதை இல்லை.
சித்தி ஒன்றரை வருஷம் மறைத்து வைத்தாள்.
"படித்தவள்தானே நீ" என்று
வார்டில் நின்று கத்தியவள் நான்தான்.

தொடங்காத பந்தயத்தில்
எல்லாக் குதிரையும் ஜெயிக்கும்.

போன சனிக்கிழமை கடைசிப் பந்தயத்துக்கு முந்தியதில்
பெல் எத்வால் தலை நீளத்தில் போனது.
சிக்னல் மலைமேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.
அர்னாசெல்லத்தின் கை சன்னலுக்குள் வந்தது,
ஐநூறு ரூபாய், நான்காக மடித்தது,
நகத்தில் கரும்பு மண்.
"போங்க மிசே, பஸ் போயிடும்" என்றேன்,
இத்தனை வருஷத்தில் முதல்தடவை.
சிரித்தார்.
"நீங்க கட்டினதே இல்லையே மதாம்,
உங்களுக்கு எப்படித் தெரியும்?"
கிழித்துக் கொடுத்தேன்.
அது வந்ததா என்று பார்க்கவில்லை.

ரோஸ் ஹில்லில் இறங்கி, வீடு வந்து,
ஒரு ஆளுக்கு ஒரு டின் அரிசி எடுக்க
இழுப்பறையைத் திறந்தேன்.
சமையலறை ஈரத்தில் உறையின் ஓரம்
தானாகவே கொஞ்சம் பிரிந்திருந்தது.

கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன்.