நோயாளி பெயர்: முந்திரி

முதலில் முடிதான் உதிர்ந்தது.
இரண்டு விலாவிலும் ஒரே அளவாக,
யாரோ அளவெடுத்து மழித்ததுபோல.
வெயில் என்றார் ஜெயசீலன்.
வேலூரில் எதற்கும் முதல் காரணம் அதுதானே.
பிறகு காம்புகளில் கறுப்பாய்ப் பொருக்குத் தட்டியது.
தூக்கினால் கடித்தது.
மூன்றரை வருஷத்தில் ஒருமுறையும் கடிக்காதது.

சத்துவாச்சாரியில் ஹெப்சிபா டாக்டரிடம்
எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளாடு காத்திருந்தது.
"எலியா?" என்றார் ஆட்டுக்காரர்.
"கினிப்பன்றி."
"பன்றியா?"
அதற்குமேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்ததும்
திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள்.
கோடையில் பாலாற்று மணலைத் தோண்டினால்
அடியில் இருட்டாய்த் தெரியுமே, அந்தத் தண்ணீர்.
இடப்பக்கம் நெல்லிக்காய். வலப்பக்கம் எலுமிச்சை.
சினைப்பை நீர்க்கட்டி என்றவர்
விளக்கத் தொடங்கினார்.
அந்தச் சொல்லை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அறுத்து எடுக்கலாம்.
ஆனால் தொள்ளாயிரம் கிராம் உடம்பு,
மயக்கம் கொடுத்தால் எழுமோ எழாதோ.
இதைத் திறந்து எனக்குப் பழக்கமில்லை, பொய் சொல்ல மாட்டேன்.
ஹார்மோன் ஊசி போட்டுப் பார்ப்போம்,
வாரம் ஒன்று, மூன்று வாரம்.
அதற்குக் கட்டுப்படுகிற கட்டியென்றால் சுருங்கும்.
இல்லையென்றால் இல்லை."

தோட்டப்பாளையம் மருந்துக்கடையில்
சீட்டைப் பார்த்ததும் குப்புராஜ் குரலைத் தாழ்த்தினார்.
"மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா அக்கா?
இந்தத் தடவை கண்டிப்பா நல்லது நடக்கும்."
எட்டு வருஷம் முன்பு
இதே குப்பியை ஐஸ் பையில் வைத்து
எத்தனை முறை தந்திருப்பார்.
"எனக்கில்லை, முந்திரிக்கு."
"நாத்தனாரா?"
சொன்னேன்.
சிரிப்பதா கூடாதா என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.
பில் என்றால் பில்தான்.
பெயர்: முந்திரி. வயது: மூன்றரை.
கணவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது.
ஒரு கோடு போட்டார்.

அன்று ராத்திரி கரண்ட் போனது.
எதிர் லாட்ஜில் ஜெனரேட்டர் உண்டு.
வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்து
மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்களின்
இன்சுலின்களுக்கு நடுவே
எங்கள் குப்பியும் விடியும்வரை தங்கியது.
வாடகை கேட்கவில்லை.

ஊசி இறங்கியபோது
துண்டுக்குள் முந்திரி கத்தவில்லை.
என் அடிவயிறுதான் உள்ளே இழுத்துக்கொண்டது,
பழைய பழக்கம்.

மூன்றாம் வாரம் கழித்து
நெல்லிக்காய் சுண்டைக்காய் ஆகியிருந்தது.
எலுமிச்சை எலுமிச்சையாகவே இருந்தது.
ஹார்மோன் பேச்சைக் கேட்கிற ஜாதியில்லை இது என்றார் டாக்டர்.
திரையைப் பார்த்தபடி மெல்லிய ஊசியை வெளியிலிருந்தே செலுத்தி
இருபது மில்லி இறைத்தார்,
வெந்தயம் ஊறிய தண்ணீர் நிறத்தில்.
"திரும்ப ஊறும், தெரியும்தானே?"
தெரியும்.
ஊறட்டும், திரும்ப வருகிறோம்.

எட்டு வருஷம் முன்பு
ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே
பைக்கை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்
இப்போது அக்னி நட்சத்திர மதியங்களில்
உறைந்த தண்ணீர் பாட்டிலைத் தன் துண்டில் சுற்றிக்
கூண்டுக்குள் வைக்கிறார்.
காலையில் சமையல் தராசில் நிறுத்துக்
காலண்டரில் எழுதுகிறார்:
எண்ணூற்று எண்பது. எண்ணூற்று எழுபத்தைந்து.
நான் அதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

வலது விலாவில் இன்னும் வெறும் தோல்.
இடது விலாவில் பூனைமுடிபோல் ஏதோ முளைத்திருக்கிறது.
ஃப்ரிட்ஜ் கதவு திறந்து
கொத்தமல்லிக் கவர் சரசரத்தால்
வீடு முழுக்க விசில்.

நேற்று தலைவலி மாத்திரை வாங்கப் போனேன்.
சில்லறை எண்ணிக்கொண்டே கேட்டார் குப்புராஜ்:
"முந்திரி எப்படி இருக்காங்க?"
கடிக்கிறதில்லை என்றேன்.